வெள்ளை வந்த நாள்

செங்கோடனுக்கு முனியப்பன் உத்தரவு கொடுத்தால்தான் கொட்டாவியே வரும் என்று காவிரிப் பரிசல்துறையில் கேலி பேசுவார்கள். அதில் பொய் அதிகமில்லை. விடிந்ததும் செவ்வரளியை ஓர் இலையிலும் வெள்ளரளியை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி, ஆற்றங்கரை முனியப்பன் காலடியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பான். சிவப்பு வந்தால் பரிசல் ஆற்றில் இறங்கும். வெள்ளை வந்தால் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கும். ஆட்டை விற்கவும் பூதான், முடி வெட்டிக்கொள்ளவும் பூதான்.

எப்போதும் அப்படி இருந்தவனில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தம்பியை ஆறு கொண்டுபோனது. அன்றைக்கு உடம்பு சரியில்லை, எனக்குப் பதில் நீ போ என்று அனுப்பிவைத்தவன் செங்கோடன்தான். அதற்குப்பிறகு எதையும் தானாக முடிவு செய்யாமல் பூவிடமே விட்டுவிட்டான்.

துறைக்கு மேலே குடிசை போட்டிருந்த சாமியம்மாவை அவன் குருவாக வரித்துக்கொண்டது அந்தத் துக்கத்தில்தான். அவருக்கு இவனைவிடப் பத்து வயது குறைவு. சீடனை அண்ணா என்றே கூப்பிடுவார். தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு இவன் ஒரே கேள்வியைக் கேட்பான். கடவுள் எனக்கென்று என்ன நினைத்து வைத்திருக்கிறார், அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? சாமியம்மா கீரை ஆய்ந்தபடியே சிரிப்பார்.

ஆடி மாதம். புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு வந்த ஒரு காலையில் வெள்ளை வந்தது. செங்கோடன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டான்.

மத்தியானம் மாட்டுவண்டியில் மாராயி என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு கொண்டுவந்து இறக்கினார்கள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடப்பதாகச் சொல்லி மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி அக்கரையில். பாலத்தைச் சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். மற்ற பரிசல்காரர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். மாராயியின் மாமியார் செங்கோடன் காலில் விழப்போனாள்.

அவன் குடிசைக்கு ஓடினான்.

"சாமி, வெள்ளை வந்திருக்குதுங்க. போகக்கூடாதுன்னு உத்தரவு."

சாமியம்மா துறைக்கு இறங்கி வந்தார். வண்டிக்காரனோடு சேர்ந்து பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினார். இரண்டு பெண்களையும் ஏற்றி உட்காரவைத்து, தானும் ஏறி, துடுப்பைப் போட்டார். துடுப்புப் பிடித்துப் பழகாத கை. பரிசல் ஓரடி நகரவில்லை. நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"சாமி, உங்களுக்கு அது வராதுங்க."

"தெரியும் அண்ணா. அதான் கயித்தை அவுக்கலை."

செங்கோடன் கரையில் பரிசலைக் கட்டியிருந்த முளையைப் பார்த்தான். மாராயியின் முகத்தைப் பார்த்தான். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தாவி ஏறினான்.

ஆற்றை அவன் எதிர்க்கவில்லை. கரையோரமாகவே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து நீரோட்டத்தில் குறுக்கே விட்டான். நடு ஆற்றில் தம்பியை விழுங்கிய சுழி இருந்தது. அங்கே வந்ததும் தம்பி நினைவு வந்து மறிக்கும் என்று எதிர்பார்த்தான். நினைக்க நேரமில்லை. துடுப்பு வலமும் இடமும் மாறி மாறி விழுந்தது. சுழியின் விளிம்பை உரசிக்கொண்டு பரிசல் வெளியே வந்தபோது அவன் தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தான். அக்கரை மணலில் கால் வைத்ததும் மாமியார்க்காரி குலவையிட்டாள்.

சாயங்காலம் சேதி வந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. சந்தையிலிருந்து திரும்பிய பரிசல்காரர்கள் செங்கோடனைத் தோளில் தூக்கிக்கொண்டு துறையைச் சுற்றி வந்தார்கள். வெள்ளரளிக்குப் பயந்து படுத்துக்கிடக்கிற பரிசல் வெள்ளத்துக்குப் பயப்படாமல் எப்படிப் போனது என்று ஒருவன் சீண்டினான். செங்கோடனும் சேர்ந்து சிரித்தான்.

ஆட்டமெல்லாம் அடங்கியதும் சாமியம்மாவிடம் வந்து உட்கார்ந்தான்.

"அப்படின்னா காலையில வந்த பூ பொய்யிங்களா, சாமி?"

"பொய்யில்லை."

"அப்ப நான் உத்தரவை மீறிட்டனுங்களா?"

சாமியம்மா ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்து உதறினார்.

"காலையில நீங்க முனியப்பனைக் கேட்டீங்க அண்ணா. மத்தியானம் அவரு உங்களைக் கேட்டாரு."