கடலைக் குடித்த வாட்ச்

தூத்துக்குடியில் பல் டாக்டர் ஞானதுரை என்றால் வைத்தியத்தில் கெட்டிக்காரர். பல்லைப் பிடுங்கினது பல்லைக் கொடுத்தவனுக்கே தெரியாது. ஆனால் நாற்காலியில் சாய்த்து நம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பிறகு தன் வாயைத் திறந்துவிடுவார். வலி அங்கேதான் ஆரம்பிக்கும்.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய டைவிங் வாட்ச்சுகள். கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டிக்கொள்வதற்கென்று செய்த, கையில் போட்டால் தோள் சாய்கிற மாதிரியான கனத்த வாட்ச்சுகள். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போனது, பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்தது என்று எதையாவது வாங்கி வருவார். கழற்றி, துடைத்து, டயலை மாற்றி, முள்ளை மாற்றி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிடுவார். பல்லுக்கு வைத்திருக்கும் சாமான்களே அதற்கும் போதும் என்பார்.

போன வியாழக்கிழமை முறுக்கு கடித்ததில் எனக்குக் கடைவாய்ப்பல் பாதி போய்விட்டது. சாயங்காலம் உப்புக் கம்பெனி வேலை முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். நான் செய்த தப்பு, கையில் வாட்ச்சோடு போனது.

அது என் மாமனாருடைய டைவிங் வாட்ச். கப்பலில் மாலுமிகளை மேய்க்கும் செராங்காக இருந்தவர், ஜப்பானில் வாங்கியது. கண்ணாடி தேய்ந்து, முள்ளில் தடவின ரேடியம் பழுத்து மஞ்சளாகிப் போனாலும் ஓட்டத்தில் குறை கிடையாது. அவர் போனபிறகு என் மனைவி அதை என் கையில் கட்டிவிட்டாள். மஸ்கட்டில் இருக்கும் மச்சானுக்கு இது பொறுக்கவில்லை. அப்பா வாட்ச் மகனுக்குத்தானே வரவேண்டும் என்று பதினொரு வருஷமாகப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. "அண்ணன் பாக்கும்போது அப்பா கையில இருந்த மாதிரியே இருக்கணும், கீறல் உள்பட" என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

டாக்டர் பல்லைக் குடைந்து, மருந்து வைத்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் ஒரு ரப்பர் கட்டையைச் செருகி, எச்சில் உறிஞ்சுகிற குழாயை வாயோரத்தில் மாட்டினார். "மருந்து ஊறணும் ஆதிலிங்கம் சார். இருபது நிமிஷம் வாயை மூடப்படாது, பேசப்படாது" என்றார். அப்புறம்தான் அவர் கண் என் கைக்குப் போனது.

"அட. இதக் கழட்டி வச்சிருவோம். தண்ணி பட்டுரும்" என்று சொல்லிக்கொண்டே வாட்ச்சை உருவிவிட்டார்.

அறைக்கும் வெளிப்பெஞ்சுக்கும் நடுவில் அரைக்கதவுதான். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் ஹார்டுவேர் கடை தங்கபாண்டி அண்ணாச்சி. இன்னொருத்தர் சந்தியாகு. முப்பது வருஷம் கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"டைவிங் வாட்ச்சுங்கீங்க, தண்ணி பட்டா என்ன டாக்டரே?" என்றார் அண்ணாச்சி.

"பழைய வாட்ச் அண்ணாச்சி. உள்ள என்ன இருக்கும்னு தெரியாதுல்ல." டாக்டர் பல் குத்துகிற கொக்கியால் வாட்ச்சின் பின்மூடியை நெம்பத் தொடங்கினார். நான் "ங்ங" என்றேன். "சாருக்கும் ஆசை வந்துட்டு பாருங்க" என்றார்.

"மொதமொதல்ல ஒரு வாட்ச் வாங்கினேன், பாத்துக்கிடுங்க. இருபது வருஷம் கடலுக்கடியில கிடந்தது. மேல பூரா சிப்பி. ஆனா காதுல வச்சா டிக் டிக்குன்னு ஓடுது. எனக்கே ஆச்சரியம். தொறந்து பாத்தா உள்ள மெஷினே இல்ல. எல்லாம் துருவாக் கொட்டிப் போச்சு. ஒரு குட்டி நண்டு உள்ள இருந்து முள்ளைத் தள்ளிக்கிட்டு இருக்கு."

பியூலா சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக அங்கே வேலை செய்கிறவர். தலையை நிமிர்த்தவே இல்லை.

"நண்டு பக்கவாட்டுலல்லா நடக்கும்?" என்றார் அண்ணாச்சி.

"வட்டத்துல சுத்துறதுக்கு அதுதான வசதி. நாளைக்கு ரெண்டு நிமிஷம் ஸ்லோ, வேற குத்தம் சொல்ல முடியாது. நான் அதை எடுத்துட்டுப் புது மெஷின் போட்டேன். அது மூணு நிமிஷம் ஸ்லோ."

பேசினபடியே என் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்துவிட்டார். என் மாமனாருக்கு அப்புறம் யாருமே பார்க்காத உள்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. கையை நீட்டினேன். சிஸ்டர் என் கையை மெதுவாக மடக்கி நாற்காலிப் பிடியில் வைத்தார். "ஆடாதீங்க சார், மருந்து விலகிரும்."

"ரேடியம் மங்கிப் போச்சே சார் இதுல" என்றார் டாக்டர். "நான் ஒண்ணு தடவித் தாரேன் பாருங்க. பல் அடைக்கிற பசையையும் ரேடியப் பொடியையும் கலந்து நானே ஒரு மருந்து கண்டுபிடிச்சேன். என் வாட்ச் முள்ளுல கொஞ்சம் கெட்டியாத் தடவிட்டேன் போல. அதக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனா, ஆராதனை நடுவுல கரண்டு போச்சு. ஒரு பயலுக்கும் தெரியல. கை தூக்கி ஜெபம் பண்ணினேன், முன்வரிசையில ஆறு பேர் கண்ணைப் பொத்திக்கிட்டாங்க. பிறகு பாத்தா, அந்த வெளிச்சத்துல மனுஷனுக்கு எலும்பு தெரியுது. சரி, வீணாக்குவானேன்னு பல் எக்ஸ்ரே எல்லாம் அதுலயே எடுக்க ஆரம்பிச்சேன். எக்ஸ்ரே மெஷினையே வித்துட்டேன்."

"மெஷின் ரிப்பேராக் கிடக்கு டாக்டர்" என்றார் சிஸ்டர். "அந்தா மூலையில துணி போட்டு மூடி வச்சிருக்கு."

"அது வாங்கினவன் இன்னும் எடுத்துட்டுப் போகல" என்றார் டாக்டர். கொஞ்சமும் தடுமாறவில்லை.

அண்ணாச்சி சிரித்தார். சந்தியாகு சிரிக்கவில்லை. அவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

"இது சாவி குடுக்கிற வாட்ச்சா, கை ஆட்ட ஆட்ட ஓடுறதா?" என்று டாக்டர் என்னிடமே கேட்டார். நான் எப்படிச் சொல்வேன். "ஆஆ" என்றேன். "ஆட்டோமேட்டிக். அப்படிச் சொல்லுங்க. இதுல உள்ள ஒரு தகடு சுத்தும் அண்ணாச்சி. கை ஆடினா தகடு சுத்தும், தகடு சுத்தினா ஸ்பிரிங் முறுக்கும். நான் என்ன செஞ்சேன், பழைய தங்கப்பல்லு எல்லாத்தையும் உருக்கித் தகடாப் போட்டுட்டேன். கனம் தாங்கல. கை தகட்டை ஆட்டுறது போக, தகடு கையை ஆட்ட ஆரம்பிச்சிட்டு. காலையில பால் வாங்கக் கிளம்பினேன். கை வீசுது, கால் அது பின்னாலயே போவுது, நிக்க முடியல. ஸ்பிக் நகர் தாண்டிட்டேன். ஆறுமுகநேரி தாண்டிட்டேன். திருச்செந்தூர்ல கடல் வந்துதான் நின்னேன்."

"பால் செம்போடயா?"

"பால் செம்போட."

"திரும்பி எப்படி வந்தீங்க, பஸ்ஸுலயா?"

"எதுக்கு பஸ்ஸு? வாட்ச்ச இடது கையில இருந்து வலது கைக்கு மாத்தினேன். அப்படியே திருப்பிக் கொண்டாந்து வீட்டு வாசல்ல விட்டுச்சு."

அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "போக வர எண்பது கிலோமீட்டர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இந்த இடைவெளியில் டாக்டர் என் வாயோரத்தில் இருந்த உறிஞ்சுகுழாயைக் கழற்றி எடுத்தார். அதை வாட்ச் பக்கமாகக் கொண்டுபோனார்.

"சாருக்கு நான் செய்யப்போற வேலையே வேற. வாட்ச்சுக்குள்ள ஏன் ஆவி பிடிக்குது? உள்ள காத்து இருக்குறதால. காத்தை எடுத்துட்டா? மூணு வருஷத்துக்கு முந்தி, இந்தக் குழாயை வச்சு நாலு நாள் விடாம உறிஞ்சினேன். அந்த வாட்ச்சுக்குள்ள ஒரு பொட்டுக் காத்து கிடையாது. வெறும் வெறுமை. பிறகு ஆழம் தாங்குமான்னு பாக்கணும்ல. முயல் தீவுக்கு அங்கிட்டு ஒரு வள்ளத்துல போய், கயிறு கட்டிப் பதினஞ்சு பாகத்துக்கு இறக்கினேன்."

"பதினஞ்சு பாகம்னா தொண்ணூறு அடி" என்றார் அண்ணாச்சி எனக்காக.

"அங்கதான் சாவி குடுக்கிற திருகு லேசா லூசாயிட்டு. உள்ள வெறுமை, வெளிய கடல். கடல் உள்ள போக ஆரம்பிச்சிட்டு."

"எவ்வளவு போச்சு?"

"மொதல்ல எங்க வள்ளம் தரை தட்டுச்சு. சரி, கடல் இறங்குற வத்துத்தண்ணி நேரம் போலன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா துறைமுகத்துல கப்பல் எல்லாம் சாஞ்சு கிடக்கு. முயல் தீவுக்கு ஜனங்க நடந்து போறாங்க. ஒருத்தர் சைக்கிள்ல போறாரு."

"இத்துணூண்டு வாட்ச்சுக்குள்ள அம்புட்டுக் கடலா?"

"அதான் அண்ணாச்சி வெறுமைங்கது. அதுக்கு இடம் பத்தாதுன்னே கிடையாது. நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி நடந்து போய், சாவியைத் திருகி மூடினேன். பிறகு திருப்பித் திருகி, பொட்டுப் பொட்டா விட்டேன். வேகமா விட்டா ஊரு போயிரும்ல. கடல் நிரம்ப மூணு நாள் ஆச்சு."

"பேப்பர்ல ஒண்ணும் வரலையே."

"பேப்பர்காரங்க பூராப் பேரும் மீன் பொறுக்கப் போயிட்டாங்க."

சிஸ்டர் பஞ்சு உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

"சாருக்கும் அதே வேலைதான்" என்று டாக்டர் என் வாட்ச்சைத் தூக்கிப் பிடித்தார். "காத்தை உறிஞ்சச் சாவிக்குப் பக்கத்துல பொடிசா ஓட்டை ஒண்ணு போட்டாப் போதும்." பல் குடைகிற மெஷினைக் கையில் எடுத்து, காலால் மிதியை அழுத்தினார். அது விர்ரென்று சுற்றியது. நான் பாதி எழுந்துவிட்டேன். வாயில் கட்டை. சத்தம் போட்டால் மாடு கத்துவது போல வருகிறது. எனக்கு மச்சான் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் என் மனைவி முகம் தெரிந்தது. அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"என்ன சார், நம்பிக்கை இல்லையா? சந்தியாகு அண்ணனைக் கேளுங்க. கடலுக்குள்ளயே கிடந்தவரு. அண்ணே, நான் சொன்னது பொய்யா?"

சந்தியாகு கன்னத்திலிருந்து கையை எடுத்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"பொய் இல்ல. நெசந்தான்."

மிதியிலிருந்து டாக்டரின் கால் தானாக விலகியது. மெஷின் நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை நிஜம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நெசமா?" என்றார்.

"அன்னைக்கு நான் அங்கனதான் முங்கிக் கிடந்தேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சங்கு பொறுக்கிக்கிட்டு இருந்தேன். கூட முங்குன பயலுவ எல்லாம் எந்திரிச்சு நடந்து போனாங்க. எங்க போறாங்கன்னு எனக்கு விளங்கல. நீங்க சொன்ன சைக்கிள்காரரும் வந்தாரு. மணி அடிச்சாரு. நான் ஒதுங்கி வழி விட்டேன்."

"எவ்வளவு நேரம் கிடந்தீங்க?"

"மூணு நாளும் கிடந்தேன். மூச்சு விடல."

டாக்டர் சந்தியாகுவைப் பார்த்தபடியே நின்றார். அவர் கை மட்டும் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. வாட்ச்சின் உள்ளே ஒரு தூசியை ஊதிவிட்டு, ரப்பர் வளையத்தைப் பொருத்தி, பின்மூடியைத் திருகி மூடியது. சிஸ்டர் அதை அவர் கையிலிருந்து, கொக்கி வாங்குவது போல வாங்கி, என் கையில் கட்டிவிட்டார். டாக்டர் கவனிக்கவே இல்லை. பிறகு என் பல்லைப் பத்து நிமிஷத்தில் அடைத்து முடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை எனக்கு யாரும் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து, வாட்ச்சை முன்னும் பின்னும் திருப்பி, காதில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கீறல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். அது பிறகு நடந்தது.

அன்றைக்கு நான் இறங்கினதும் நாற்காலியில் சந்தியாகு ஏறி உட்கார்ந்தார். நான் கதவருகில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் கரண்டியைக் கையில் எடுத்தார், திரும்பவும் கீழே வைத்தார். அவரால் விடமுடியவில்லை.

"அண்ணே, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. கேக்குறவன் கேணையனா? கடல்தான் வத்திப் போச்சே. ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. மூணு நாள் எதுக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க?"

"தண்ணி வத்திட்டுன்னு எனக்கு யாரும் சொல்லலையே, டாக்டர்" என்று சொல்லிவிட்டு, சந்தியாகு வாயை நன்றாகத் திறந்து காட்டினார்.