பட்டைக்கு வைத்த பொட்டு

கோவில்பட்டியில் ஒரு ஃபிளெக்ஸ் கடை இருந்தது. கடையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பிரிண்டர் நின்றது. யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, யார் புதுப் பதவிக்கு வந்திருக்கிறார் என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் அந்தப் பிரிண்டருக்குத் தெரிந்துவிடும். செத்துப்போனவர்களைக்கூடச் சிரித்த முகமாக அடித்துத் தருவதில் அதற்கு நல்ல பேர்.

அந்தப் பிரிண்டருக்குள் ஒரு வண்டி குடியிருந்தது. மை பீய்ச்சும் ஹெட்டைச் சுமந்துகொண்டு, பெல்ட் ஒன்று இழுக்க, இரும்புத் தண்டவாளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாள் முழுக்க ஓடுவது அதன் வேலை. ஓட்டத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நினைப்பு வண்டிக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டே ஓடுவேன். எங்கே நிக்கணும், எங்கே திரும்பணும், எல்லாம் எனக்கு அத்துப்படி" என்று வண்டி பீற்றிக்கொள்ளும்.

"அதுல என்ன சந்தேகம்!" என்று ஹெட் ஒத்து ஊதும். வண்டிக்குள் உட்கார்ந்து போகிறவர் வண்டியைக் குறை சொல்ல முடியுமா?

வண்டியின் முதுகுப்பக்கம், தண்டவாளத்தின் நீளத்துக்கு, மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. கடையில் அதை ஸ்ட்ரிப் என்பார்கள். நாம் பட்டை என்றே வைத்துக்கொள்வோம். அதன் மேல் தலைமுடியைவிடச் சன்னமான கோடுகள் நெருக்கமாக இருந்தன. வண்டியின் முதுகில் ஒரு சின்னக் கண் உண்டு. ஓடும்போதெல்லாம் அந்தக் கண் கோடுகளை எண்ணிக்கொண்டே போகும். அப்படி எண்ணித்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பது வண்டிக்கே தெரிந்தது. கண் முதுகில் இருந்ததால், அப்படி ஒரு கண் இருப்பதையே வண்டி மறந்துபோயிருந்தது.

ஒருநாள் வண்டி பட்டையைச் சீண்டியது. "ஏய், நான் ஓடுதேன். ஹெட் மை அடிக்கான். பெல்ட் இழுக்கான். நீ கொடிக்கயிறு மாதிரி சும்மா கிடக்கே. அதுலயாவது நாலு துணி காயும்."

"நீ எங்கே இருக்கேன்னு உனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றது பட்டை.

"நான் எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

பெல்ட்டும் ஹெட்டும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. கடைக்காரி செண்பகவல்லி காலையிலேயே வந்து கடையைக் கழுவிவிட்டாள். அவள் கொழுந்தன் ராமகுருதான் கடையில் டிசைன் போடுகிறவன். அவன் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டான். செண்பகவல்லி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பிரிண்டரிடம் வந்தாள். சோறு போடுகிற மெஷின் அல்லவா? மேல்மூடிக்கு ஒன்று, பட்டனுக்குப் பக்கத்தில் ஒன்று, மை டப்பாக்களுக்கு ஒவ்வொன்று என்று சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். மூடியைத் திறந்து வண்டியின் நெற்றியிலும் வைத்தாள். வண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஒன்றையும் விட்டுவிடக் கூடாதே என்ற பக்தியில், பின்னால் இருந்த பட்டைக்கும் நடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

"பாருடா, உனக்கும் மரியாதை!" என்று வண்டி கேலி செய்தது.

"மரியாதை சரிதான்" என்றது பட்டை. "கோடு மறைஞ்சுபோச்சே. நாளைக்கு நீ ஓடும்போது..."

மணிச் சத்தத்தில் மீதி யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து பிரிண்டரைப் போட்டார்கள். வண்டி நெற்றிப் பொட்டோடு மிடுக்காகக் கிளம்பியது. பட்டையின் நடுவுக்கு வந்ததும் முதுகுக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தான் நகரவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து வண்டி இன்னும் முக்கி ஓடியது. அடுத்த நொடி கோடியில் இருந்த சுவரில் 'டமார்' என்று போய் மோதியது. திரும்பப் போட்டார்கள். திரும்ப மோதியது. சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது.

பிரிண்டருக்குள் சண்டை மூண்டது.

"பெல்ட் தளர்ந்துபோச்சு. அவன்தான் என்னைக் கொண்டுபோய் மோதவிட்டான்" என்றது வண்டி.

"நான் தளரலை. ஹெட்தான் மை குடிச்சுக் குடிச்சு கனத்துப்போயிருக்கான்" என்றது பெல்ட்.

"என்னைத் தூக்க முடியலைன்னா நீயெல்லாம் எதுக்கு வண்டின்னு திரியுதே?" என்று ஹெட் வண்டியையே திருப்பிக் கேட்டது. நேற்றுவரை ஒத்து ஊதிய வாய்தான் அது.

வெளியே ராமகுரு மதுரை மெக்கானிக்குக்குப் போன் போட்டான். பேசி முடித்துவிட்டுத் திரும்பினான். "போர்டு போயிருக்கும்ங்காரு மதினி. இந்தப் பழசுக்குச் செலவு பண்ணாதீங்க, எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிடுதோம்ங்காரு. சாயங்காலம் லாரி அனுப்புதாராம்."

கடைக்குப் பின்னால், போர்டு போய்விட்டது என்று ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய பிரிண்டரின் கூடு கிடந்தது. அதன் வண்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் தனக்கும் அந்தக் கதிதான் என்று வண்டிக்குப் புரிந்தது.

"திறந்து பாக்காம மதுரையில உக்காந்துக்கிட்டு போர்டு போச்சுன்னு எப்படிச் சொல்லுதாரு?" என்றாள் செண்பகவல்லி. "போன தடவை மை ஏறலைன்னு சொன்னப்பவும் இதையேதான் சொன்னாரு. டியூப்ல அடைப்பு. நானே எடுத்தேன். நகரு, பாப்போம்."

அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். கொண்டையை இறுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தாள். வண்டியை ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். தடங்கல் இல்லாமல் போயிற்று. பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள்; விறைப்பாகத்தான் இருந்தது. தண்டவாளத்தில் எண்ணெய் இருந்தது.

"காலுல கோளாறு இல்லை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சுவிட்சைப் போட்டு, மோதுகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மறுபடியும் போட்டாள். "ராமகுரு, இங்கன பாரு. ஒவ்வொரு தடவையும் பாதி தூரம் ஒழுங்காப் போகுது. நடுவுல இந்த இடத்தைத் தாண்டினதும்தான் தறிகெட்டு ஓடுது. இங்கன என்ன இருக்கு?"

சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தான் வைத்த பொட்டு தன்னையே பார்ப்பது தெரிந்தது.

வண்டியும் அப்போதுதான் தன் முதுகுக் கண்ணை நினைத்துப் பார்த்தது. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. "அண்ணே" என்றது பட்டையைப் பார்த்து. பட்டையை அது அண்ணன் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். "ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேன். நீ கேக்கலை."

வெளியே செண்பகவல்லி ஹெட் கழுவும் திரவப் பாட்டிலை எடுத்துத் துணியில் ஊற்றப் போனாள். உள்ளே ஹெட் அலறியது. "ஐயையோ! அது என் மேல காஞ்ச மையையே கரைக்கிற திரவம். பட்டை மேல பட்டா ஒரு கோடு மிஞ்சாது!"

பட்டை கண்ணை மூடிக்கொண்டது. வண்டிக்கு ஓடத்தான் தெரியும். குறுக்கே போய் விழத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அது வேறொருவருக்காகப் பயந்தது.

செண்பகவல்லி திரவத்தின் நெடியை முகர்ந்தாள். கை நின்றது. "சந்தனத்தைத் தண்ணியிலதானே குழைச்சேன்? தண்ணிக்கு வராமலா போயிரும்?" பாட்டிலை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடி துடைக்கும் மெத்தென்ற துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்தாள்.

ராமகுரு அவள் கையைத் தடுத்தான். "மதினி, சாமிக்கு வச்ச பொட்டு. தானா உதிரட்டும். அதுவும் நீங்க உங்க கையால அழிக்கலாமா? வெள்ளியும் செவ்வாயும் பாக்குற ஆளுல்லா நீங்க? லாரி வந்தா வரட்டுமே."

அவன் சொன்னது செண்பகவல்லிக்கும் தெரியாததல்ல. குங்குமத்தைத் துடைப்பது என்றால் கை தானாகப் பின்வாங்கத்தான் செய்யும். பட்டையையும் கையில் இருந்த துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாமி கண்ணை யாராவது சந்தனத்தால அடைப்பாங்களா?" என்றாள். "நான் வச்சது தப்பான இடம். வச்ச கைதான் எடுக்கணும்."

துணியை மடித்து, பட்டையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, ஒரே பக்கமாக மெல்ல இழுத்தாள். முதலில் சிவப்பு போனது. பிறகு மஞ்சள் போனது. அடியில் கோடுகள் ஒன்றுகூடக் குறையாமல் வெளியே வந்தன. காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

சுவிட்சைப் போட்டாள். வண்டி கிளம்பியது. நடுவுக்கு வந்தது. தாண்டியது. கோடிக்குப் போய், சுவருக்கு முன்னால் அழகாக நின்று திரும்பியது. காலையிலிருந்து பாதியில் நின்ற கோவில் கொடை விழா பேனர் வரி வரியாக வெளியே வர ஆரம்பித்தது. சாயங்காலம் லாரிக்காரர் வாசலில் வந்து நின்று, "பழைய மெஷின் எங்கக்கா?" என்று கேட்டார்.

"ஓடிக்கிட்டிருக்கு. நீங்க ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் செண்பகவல்லி.

அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. மூடிக்கும் மை டப்பாக்களுக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்து முடித்தாள். பட்டையிடம் வந்தபோது சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஈரத் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாள். பிறகு கும்பிட்டாள்.

மணிச் சத்தம் அடங்கட்டும் என்று வண்டி காத்திருந்தது. "வருத்தமா அண்ணே? எல்லாருக்கும் பொட்டு இருக்கு. உனக்கு மட்டும் இல்லையே."

"உங்களுக்குப் பொட்டு வச்சிருக்கா" என்றது பட்டை. "என்னை விளங்கி வச்சிருக்கா."

மறுநாள் காலையில் விளக்கு எரிந்ததும் வண்டி உடனே கிளம்பிவிடவில்லை.

"அண்ணே, நான் இப்போ எங்கே இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடியது.