கோழிக்காலின் பிடி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற சிரிப்பு. இப்போதே கேட்டால் தரமாட்டேன். குமாரதாஸ் கோழிக்கடைக்குப் போய்வரட்டும், அதுவரை பொறுங்கள்.

குமாரதாஸ் ஐம்பத்தெட்டு வயதுச் சீடர். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் யாராவது வாசலில் நின்றால், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்றுதான் வாயில் வரும். அவருடைய ஆசான் ரெத்தினபாய்க்கு வயது முப்பத்து நான்கு. கைகால் பிசகியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். தன்னைவிட இளைய பெண்ணை ஆசான் என்று கூப்பிட முதல் வாரம் குமாரதாஸுக்கு நாக்குப் புரளவில்லை. பிறகு பழகிவிட்டது. மகனுக்காக எதுவும் பழகும்.

மகன் ஷிபின். பத்தொன்பது வயது. அவன் எடுக்காத குரல் ஊரில் இல்லை. சர்ச் உபதேசியார் போல இருமி ஜெபம் தொடங்குவான். அப்பாவின் விசிலை வாயாலேயே ஊதி, போகிற பஸ்ஸை நிறுத்துவான். ஐந்தரை மாதத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்தான். வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. குரல்களும் அன்றோடு நின்றன. கேட்டால் பதில் சொல்வான், காய்ந்த ஓலை உரசுவது போல.

ஆஸ்பத்திரி டாக்டர் மூச்சு விடாமல் பேசுகிறவர். "பாருங்க சார், கையோட நரம்பு கழுத்துலயே பிடுங்கிட்டு வந்திருக்கு. நெஞ்சுப் பக்கத்து நரம்ப எடுத்து ஒட்டிப் பாக்கலாம். ஆறு மாசத்துக்குள்ள செய்யணும், அப்புறம் மசில் வீணாயிரும். முழங்கை மடங்கலாம். விரலுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன் சார்."

ஒட்டுவதற்கான தேதி, நாளைக் காலை.

அதைப் பற்றிக் கேட்கத்தான் குமாரதாஸ் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"ஆசான், நாளைக்கு வரலேன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு போனு போட்டிரட்டா?"

"ஏன் அண்ணே?"

"கை வந்தாச்சு!"

ரெத்தினபாய் அரைத்துக்கொண்டிருந்த பச்சிலையை விட்டு நிமிர்ந்தார்.

"ஒரு வாரமா வருது ஆசான். ஒங்கக்கிட்ட சொல்லாம இருந்தேன், உறுதியாகட்டும்னு. சாயந்திரம் எண்ணெ போட்டு தடவுகேன் இல்லியா? எனக்க வெரல அவன் உள்ளங்கையில வைக்கேன். பிடிக்கான்! மெதுவா, கொழந்தப் பிள்ள பிடிக்கது மாதிரி. 'பிடிக்கியா மக்கா?'ன்னு கேட்டா, 'பிடிக்கேன்பா! விட மாட்டேன் பாத்துக்கிடுங்க!'ன்னு சொல்லுகான். அந்தப் பழைய குரலு ஆசான். கையும் வருது, குரலும் வருது. பின்ன என்னத்துக்கு நெஞ்சக் கீறணும்?"

"எப்படித் தடவினீங்க? எனக்க கையில காட்டுங்க."

ரெத்தினபாய் தன் வலது கையைத் தளர்த்தி நீட்டினார். குமாரதாஸ் இடது கையால் அதை முழங்கைக்குக் கீழே தாங்கினார். கட்டைவிரல் உள்பக்கச் சதையில் அழுந்தி நின்றது. வலது கையின் ஆள்காட்டிவிரலை ஆசானின் உள்ளங்கையில் வைத்தார்.

ரெத்தினபாய் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"மொத நாள் என்ன சொல்லித் தந்தேன் அண்ணே?"

குமாரதாஸ் ஸ்டாப் பெயர் சொல்வது போல ஒப்பித்தார். "வெரல மடக்குகிற பெரிய சதை வெரல்ல இல்ல. முழங்கைக்குக் கீழ, உள்பக்கத்துல இருக்கு. அங்கேருந்து கயிறு மாதிரி நரம்பு, டாக்டரு சொன்ன நரம்பு இல்ல, இது வேற, மணிக்கட்டு வழியா வெரல் நுனிக்குப் போவுது. சதை சுருங்குனா கயிறு இழுக்கும், வெரல் மடங்கும்."

"செரி. கோழிக்கடைக்குப் போயி ஒரு காலு வாங்கிட்டு வாங்க. முட்டோட வெட்டினது."

"ஆசானுக்கு சூப்பா?"

"வாங்கிட்டு வாங்க."

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? அதோ, தாளில் சுற்றிக்கொண்டு வருகிறார்.

ரெத்தினபாய் கோழிக்காலைக் கழுவினார். வெட்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்த நரம்பை நகத்தால் நெம்பி எடுத்தார்.

"வெரல வைங்க."

குமாரதாஸ் கோழியின் விரல்களுக்கு நடுவில் தன் விரலை வைத்தார். ஆசான் நரம்பை இழுத்தார். கோழிக்கால் சட்டென்று மூடி, விரலைக் கவ்வியது.

குமாரதாஸ் வெடித்துச் சிரித்தார்.

"யம்மா! ஆசான், இது ஷிபினுக்க வேலையாக்கும்! எட்டு வயசுல... கிறிஸ்மஸ் அன்னைக்கு... சட்டைக் கைக்குள்ள கோழிக்கால ஒளிச்சு வச்சிட்டுப் போயி... 'ஹேப்பி கிறிஸ்மஸ் உபதேசியாரே'ன்னு..." சிரிப்பு மூச்சை அடைத்தது. "கை குடுத்தாரா... பயல் உள்ளேருந்து நரம்ப இழுத்தானா... உபதேசியாரு அங்கிய தூக்கிப் பிடிச்சிட்டு ஒரே ஓட்டம்! 'உசிரோட இருக்கு, உசிரோட இருக்கு'ன்னு கத்திட்டே ஓடுகாரு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்ன சிரிப்பு இதுதான்.

ரெத்தினபாய் சிரிக்கவில்லை. நரம்பை விட்டார். விரல்கள் திறந்தன. மறுபடி இழுத்தார். மூடின.

"பிடி எப்படி இருக்கு அண்ணே?"

"கொள்ளாம் ஆசான். நல்ல பிடி."

"மெதுவா இழுக்கேன். இப்போ?"

"இப்போ கொழந்தப் பிள்ள பிடிக்கது மாதிரி..."

குமாரதாஸ் நிறுத்தினார்.

ஆசானின் நகங்களுக்கு நடுவில் இருந்த வெள்ளை நரம்பைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். அதன் கட்டைவிரலை மெதுவாக மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்தார். இறங்கச் சொல்ல ஆளில்லாமல் அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எனக்க வெரலா ஆசான்? நான் அழுத்தினதா?"

ரெத்தினபாய் கோழிக்காலைத் தாளில் வைத்தார்.

"இல்ல ஆசான். அவன் சொன்னானே. 'பிடிக்கேன்பா'ன்னு சொன்னானே. பழைய குரல்ல, அப்படியே சொன்னானே."

"ஊருல உள்ள எல்லாருக்க குரலும் எடுக்கிற பிள்ள அண்ணே," என்றார் ரெத்தினபாய். "அவனுக்க குரல எடுக்க மாட்டானா?"