காய்ந்த கூடுகள்

வாய்க்காலின் இந்தக் கரையில் ஒரு புளியமரம். அதன் வேருக்கடியில் கட்டெறும்புகளின் நாடு இருந்தது. அந்தக் கரையில் ஒரு மாமரம். அங்கே முசுறுகள், அதாவது இலைகளை வளைத்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகள், குடியிருந்தன. இரண்டுக்கும் ஆகாது. ஆனாலும் கடைசியாகச் சண்டை நடந்து பல காலம் ஆகியிருந்தது.

கட்டெறும்புகளின் ஒற்றர் தலைவி மிளகி. ஒரு கோடையில் மாமரத்தில் கூடுகள் பெருகியிருப்பதாகப் பேச்சு கிளம்பவே, அவள் ஆட்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் சபைக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அன்று சபை வாசலிலேயே தளபதி இடும்பன் அவளை மறித்தான்.

"என்ன சொல்லப் போகிறாய்?"

"பார்த்ததைச் சொல்வேன். கொஞ்சம் பச்சைக் கூடுகள். அவற்றில் படை இருக்கிறது. அதைப்போல் இரண்டு மடங்கு காய்ந்த கூடுகள். அவை பெரும்பாலும் காலி என்று நினைக்கிறேன்."

"என் ஆட்கள் ஒரு காய்ந்த கூட்டுக்குள் முசுறு நுழைந்ததைப் பார்த்தார்கள்."

"நானும் பார்த்தேன். குடியிருக்க நுழைந்ததா, பழைய நூலை உருவிக்கொண்டு போக நுழைந்ததா என்று தெரியவில்லை."

"இந்த 'நினைக்கிறேன்', 'தெரியவில்லை' எல்லாம் சபைக்கு வேண்டாம், மிளகி. பயந்து போயிருக்கிறார்கள். எல்லாக் கூட்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடு."

மிளகி அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

சபை நிறைந்திருந்தது. தலைமை இடத்தில் பெரியநாச்சி. மிளகி பச்சைக் கூடுகளைச் சொன்னாள், காய்ந்தவற்றைச் சொன்னாள், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொன்னாள். பாதி சொல்லும்போதே தானிய அறையின் உறுப்பினர் எழுந்துவிட்டார்.

"மொத்தம் எத்தனை? எங்களுக்கு ஒரே எண் வேண்டும்."

"ஒரே எண் சொன்னால் அது பொய்யாகிவிடும், ஐயா."

"தெரியாது என்று சொல்லவா உனக்குத் தீனி போடுகிறோம்?"

அந்த மரத்தில் ஏறி இறங்கியதில் மிளகியின் ஆட்கள் சிலர் திரும்பி வரவில்லை. "தெரியாததைத் தெரியும் என்று சொல்ல ஒற்றர்கள் எதற்கு, ஐயா? அதை இங்கே உட்கார்ந்தே சொல்லலாமே" என்றாள்.

சபையில் முணுமுணுப்பு. "இவள் யார் பக்கம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

இடும்பன் எழுந்தான். "எதிரியின் பலம் நம்மைப்போல் மூன்று மடங்கு. குஞ்சுகளில் பாதிக்கு இரட்டைத் தீனி கொடுத்துப் பெருந்தலை வீரர்களாக வளர்க்க வேண்டும். மீதிப் பாதிக்கு அரைத் தீனி போதும்."

குஞ்சறையைக் கவனித்துவந்த உமையாள் பதறிப்போனாள். "அரைத் தீனியில் என் குஞ்சுகள் மழைக்காலம் தாங்காது. அந்தக் கூடுகள் காலியாக இருந்தால்?"

"காலியாக இல்லாவிட்டால்?" என்றான் இடும்பன். "அன்றைக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாய், உமையா?"

தீர்மானம் நிறைவேறியது.

மழை வந்தது. உமையாள் தினமும் குஞ்சறையிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு வெளியே போனாள், வெறுங்கையோடு திரும்பினாள். வழியில் மிளகியைப் பார்த்தால் நிற்பாள். "அக்கா, நீங்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்" என்றாள் ஒருநாள்.

மழை ஓய்ந்ததும் புதிய பெருந்தலை வீரர்கள் வாய்க்கால் கரையில் வரிசை வரிசையாக நடைபழகினார்கள். மாமரத்துக்குத் தெரியட்டும் என்று வெயிலில் நடத்தினான் இடும்பன்.

அடுத்த கோடையில் மிளகி மறுபடி மாமரத்துக்குப் போனாள். ஏற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீழிருந்தே தெரிந்தது. காய்ந்த கூடுகளையெல்லாம் புது இலை வைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வாயிலிலும் காவல்.

அடிமரத்தில் ஒரு முசுறு எதிரே வந்து நின்றது. அதுவும் ஒற்றர்தான், கண்டதுமே மிளகிக்குப் புரிந்துவிட்டது. இரண்டும் தாடையை விரிக்கவில்லை.

"உங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு எங்கள் சபையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்" என்றது முசுறு. "உறுதியாகத் தெரியாது என்றேன். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டார்கள்."

"உங்கள் குஞ்சுகள்?"

"அரைத் தீனி" என்று சொல்லிவிட்டு அது மேலே ஏறிப் போய்விட்டது.

சபை மறுபடி கூடியது. இடும்பன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "எல்லாக் கூட்டிலும் படை இருக்கிறது என்று போன கோடையிலேயே சொன்னேன். அன்று என்னைச் சந்தேகப்பட்டார்கள். இன்று அவர்களே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கேளுங்கள்."

மிளகி எழுந்தாள். "தலைவர் அவர்களே, போன கோடையில் அவை காலி. நாம் படை பெருக்கியதைப் பார்த்துத்தான் அவர்களும்..."

"விளக்கம் வேண்டாம்" என்றார் பெரியநாச்சி. "கூடுகள் நிரம்பியிருக்கின்றனவா, இல்லையா? அதை மட்டும் சொல்."

மிளகி உமையாளின் இடத்தைப் பார்த்தாள். அவள் தலை குனிந்திருந்தாள்.

"இப்போது நிரம்பியிருக்கின்றன."

சபை ஆரவாரித்தது. தானிய அறையின் உறுப்பினர் எழுந்து தளபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓசை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பெரியநாச்சி குறிப்பெழுதுகிறவர் பக்கம் திரும்பினார்.

"'இப்போது' என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது."