தாளாளர் போட்ட பந்து

செண்பகவல்லி ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கூடைப்பந்து ஆடியவள். முழங்கால் கெட்டுப்போன பிறகு கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அவள் பழக்கிய பிள்ளைகள் முதல்முறையாக மாவட்ட இறுதி ஆட்டத்துக்குப் போகும் நேரத்தில், பள்ளியின் தாளாளர் அருணகிரி மைதானத்துக்கே வந்து நின்றார்.

“டவுசர் போட்டுக்கிட்டு ஆடுறதா இருந்தா போட்டிக்கே போக வேண்டாம். பாவாடை தாவணியில ஆடி ஜெயிச்சிட்டு வாங்க.”

எதிர்த்துப் பேசினால் செண்பகவல்லிக்கு வேலை போகும். பேசாவிட்டால் பிள்ளைகளின் ஆட்டம் போகும்.

“அதைக் கட்டிக்கிட்டு பிள்ளைங்க எப்படிங்கய்யா ஓடும்?”

“ஏன் ஓட முடியாது? எங்க காலத்துல நான் வேட்டியோட ஆடாத ஆட்டமா?”

“அப்போ ஐயாவே ஒருதரம் ஆடிக் காட்டினா, பிள்ளைங்க பாத்துக் கத்துக்கும்” என்று பணிவாகப் பந்தை நீட்டினாள்.

அத்தனை பிள்ளைகளும் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு இரண்டாம் எட்டிலேயே வேட்டி காலைச் சுற்றியது. நின்று, வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். அப்புறம் ஓடினார் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம்! எறிந்த பந்தும் கூடைக்குள் விழுந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“பிரமாதம் ஐயா! ஆனா வேட்டியை எதுக்கு மடிச்சுக் கட்டினீங்க?”

“கட்டாம எப்படிம்மா ஓடுறது?” என்று மூச்சு வாங்கச் சொன்னவர், சொன்ன பிறகுதான் திகைத்தார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அருணகிரி தன் முழங்காலைப் பார்த்தார், செண்பகவல்லியைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“போங்கம்மா, டவுசரே போட்டுக்கிட்டு ஆடுங்க” என்றார்.

பந்தைத்தான் சாயங்காலம் மணி அடிக்கும்வரை அவர் கையிலிருந்து வாங்க முடியவில்லை.