கோள்மூட்டி வேஷம்

முன்னொரு காலத்திலே, மலையும் ஆறும் காவல் காத்த கொடுமணி நாட்டை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. சிரித்தால் ஊருக்கே விருந்து. கோபித்தால் யார் தலை உருளும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்குக் கூத்து என்றால் உயிர். அதிலும் கடைசியில் எல்லோரும் மாண்டு போகிற சோகக் கூத்து என்றால் சாப்பாடுகூட வேண்டாம். அந்த நாட்டில் பொன்னுரங்கம் என்று ஒரு கூத்தாடி இருந்தான். ராஜ வேஷம் கட்ட ஊருக்கு ஊர் ஆள் கிடைக்கும். கோள்மூட்டி வேஷம் கட்ட அவன் ஒருத்தன்தான். சொல்லும்போதே எனக்கு மார்பு நிமிர்கிறது, போங்கள்!

ஒரு நாள் மாலை அரண்மனை முற்றத்தில் கூத்து. கதை இதுதான்: சந்திரகிரி ராஜாவுக்குத் தீரசேனன் என்ற தளபதி உயிர்த்தோழன். வக்ரன் என்ற மந்திரி அவனைப் பற்றிக் கோள் சொல்கிறான். ராஜா அதை நம்பித் தோழனைக் கொன்றுவிட்டு, பிறகு உண்மை தெரிந்து தானும் மாள்கிறான்.

வக்ரனாக வந்தான் பொன்னுரங்கம். மற்றவர்களாக இருந்தால் தொடை தட்டுவார்கள், கண்ணை உருட்டுவார்கள். இவன் மத்தளத்தை நிறுத்தச் சொன்னான். தீப்பந்தத்தைத் தணிக்கச் சொன்னான். அரையிருட்டில் ராஜ வேஷக்காரனின் காதருகே குனிந்து, "வேண்டாம் அரசே, கேட்காதீர்கள். தாங்கமாட்டீர்கள்" என்றான். அவ்வளவுதான். முற்றத்தில் ஒருவருக்கும் மூச்சு வரவில்லை. தீரசேனன் விழுந்தபோது வில்லவராயன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கூத்து முடிந்ததும் பொன்னுரங்கத்துக்குப் போட ராஜா தன் முத்துமாலையைக் கழற்றினான். பக்கத்தில் சிகாமணியார் நின்றிருந்தார். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அவைப் பெரியவர் அவர். அவருக்கு வயிறு எரிந்தது.

"அரசே," என்று குனிந்தார், "மனசில் துரோகம் இல்லாதவன் துரோகத்தை இவ்வளவு அச்சாகக் காட்ட முடியுமா? இன்று மேடையில் காட்டினான். நாளை உங்களிடம் காட்டுவான்."

ராஜாவின் முகம் மாறியது. "பிடியுங்கள் அவனை! விடிந்ததும் தலையை வாங்குங்கள்!"

சிகாமணியார் கருணை காட்டுகிறவர்போல முன்னே வந்தார். "அடே பொன்னுரங்கம், 'எனக்கு ஆடத் தெரியாது, இனிமேல் சலங்கை கட்டமாட்டேன்' என்று சபையில் சொல்லிவிடு. அரசரிடம் பேசி உன் உயிரைக் காப்பாற்றுகிறேன்."

"தலை போனால் போகட்டும் ஐயா. ஆடத் தெரியாதவன் என்ற பேரோடு அதைச் சுமந்து திரியமாட்டேன்."

அடேயப்பா, என்ன திமிர்! அந்தத் திமிருக்கு நான் இருந்த இடத்திலிருந்தே கும்பிடு போடுகிறேன்.

அப்போது மந்திரி சாத்தப்பர் எழுந்தார். "அரசே, சிகாமணியார் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிடலாமே. மனசில் துரோகம் இருந்தால்தான் இந்த வேஷம் பொருந்துமாம். அவர் மனசோ வெள்ளைப் பால். நாளைக்கு அவரே வக்ரனாக ஆடட்டும். வேஷம் ஒட்டவில்லை என்றால் அவர் சொன்னது நிஜம். பொன்னுரங்கத்தின் தலையை வாங்கிவிடலாம்."

ராஜாவுக்குப் புது வேடிக்கை கிடைத்துவிட்டது. சிகாமணியாருக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். மோசமாக ஆடுவதற்கு என்ன பாடு?

மறுநாள் காலை, வாளோடு காவலன் ஒரு பக்கம் நிற்க, முற்றம் நிரம்பியது. கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேஷமும் நேரே சபைக்கு வந்துவிட முடியாது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் முதலில் நிற்க வேண்டும். கட்டியங்காரன், "நீ யார், எதற்கு வந்தாய்?" என்று கேட்பான். கேலியும் செய்வான், அது அவன் உரிமை. அவன் மனம் ஒப்பும்படி பதில் சொன்னால்தான் திரை விலகும். அன்றைக்குச் சாத்தப்பரே கட்டியங்காரன் வேஷம் கட்டிக்கொண்டார்.

"திரைக்குள்ளே யாரங்காணும்?"

"வக்ரன்" என்று கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தார் சிகாமணியார். சபை சிரித்தது.

"எதற்கு வந்தீர்?"

"கோள் சொல்ல."

"ஏன்? அந்தத் தீரசேனன் உம் வயலில் மாட்டை விட்டானா?"

"இல்லை."

"உம் பெண்டாட்டியை ஏசினானா?"

"இல்லை, இல்லை."

"காரணமே இல்லாமல் ஒருத்தன் கோள் சொல்வானா? போம் ஓய்! ராஜாவுக்கு நீர் ஒரு பொருட்டா? நேற்று வந்தவன் தோளில் அவர் கை போடுகிறார். உமக்கு வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற வேலை!"

திரை ஆடியது. சிகாமணியாரின் குரல் வேறாகிவிட்டது.

"கிள்ளுகிற வேலையா? என் இளமை முழுக்க இந்தக் கையால் மடித்துக் கொடுத்தேனே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாரா? ஆடிப் பிழைக்கிற பயலுக்குக் கழுத்து மாலையைக் கழற்றுகிறார்! அது எனக்கு வரவேண்டியது. அவன் தலை விழுந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்!"

மத்தளக்காரனின் கை நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சாத்தப்பர் மெதுவாக, "திரையை விலக்குங்கள்" என்றார். அரிதாரம் கண்ணீரில் கரைந்து வழிய, சிகாமணியார் நின்றுகொண்டிருந்தார். எனக்கே அவரை நினைத்தால் பாவமாயிருக்கிறது.

"வேஷம் உமக்கு அச்சாகப் பொருந்திவிட்டதே, சிகாமணியாரே" என்றான் ராஜா. "நீர் சொன்னபடி பார்த்தால் இப்போது யார் தலையை வாங்குவது?"

சிகாமணியார் தடாலென்று காலில் விழுந்தார். ராஜா பொன்னுரங்கத்திடம் திரும்பினான். "நீ சொல். உன்னைவிட நன்றாகவா ஆடினார்?"

"அவர் ஆடவே இல்லையே, அரசே. இந்த முற்றத்தில் வக்ரனை ஆடிக் காட்டியது நான் ஒருத்தன்தான்."

ராஜா சபை கேட்கும்படி சொன்னான்: "நானும் ஆடியிருக்கிறேன். காதைக் கொடுத்துக் கெட்ட சந்திரகிரி ராஜா வேஷம். சாத்தப்பர் குறுக்கே வராவிட்டால் கடைசிக் காட்சியையும் ஆடி முடித்திருப்பேன்."

சிகாமணியாரின் உயிர் தப்பியது. இனி அரண்மனைக் கூத்துகளில் திரை பிடிப்பது அவர் வேலை என்று தீர்ப்பானது. பொன்னுரங்கத்தை ராஜா கைபிடித்து அரியணை மேடைக்கு ஏற்றி, தன் பக்கத்து ஆசனத்தைக் காட்டினான். கூத்தாடி நடுங்குவான், கும்பிடுவான் என்று சபை பார்த்திருந்தது. அவன் உட்கார்ந்து, நிதானமாகக் கால்மேல் கால் போட்டான்.

ராஜா சிரித்துவிட்டான். "இது எந்த வேஷம் அப்பா?"

"இது வேஷமில்லை, அரசே" என்றான் பொன்னுரங்கம்.