உம் கொட்டியவர்

“சாமி, என் பெண்டாட்டி என்னை விட்டுட்டுப் போறேன்னு நிக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுருவா.”

படித்துறைச் சாமி அப்போதுதான் ஆற்றில் முங்கி எழுந்து, காவி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

வந்து நின்றவர் ஆபரேட்டர் நல்லபெருமாள். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த ஊர் சினிமாக் கொட்டகையில் மிஷின் ஓட்டியவர். ஊருக்கே படம் காட்டிய மனிதர். சாமியைவிட வயதில் மூத்தவர்தான். ஆனால் வீடு பற்றி எரியும்போது, வாளி வைத்திருப்பவனிடம் போய் வயதா கேட்பார்கள்?

“எங்கே போறாளாம்?”

“ஓசூருக்கு. மகன் வீட்டுக்கு. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புதா. திரும்பி வரவே மாட்டாளாம்.”

“அடிச்சீரா?”

“சிவ சிவா! கை ஓங்கினதுகூட இல்ல.”

“குடியா?”

“அது வாசனைகூடத் தெரியாது சாமி.”

“பின்னே?”

நல்லபெருமாள் பிடரியைச் சொறிந்தார். சொல்லவே வெட்கமாக இருந்தது.

“வீட்டுல பேச ஆள் இல்லையாம்.”

“நீர் எங்கே போனீர்?”

“வீட்டுலதான் கெடக்கேன். மிஷினுக்குள்ள எரியுற கார்பன் வெளிச்சத்தைப் பாத்துப் பாத்து கண்ணு மங்கிப்போச்சு. போன தைக்கு வேலையை விட்டேன். அதுலேர்ந்து வீடே கதி. அதுக்கு ஆவுடை என்ன சொல்லுதா தெரியுமா? ‘நீங்க கொட்டகையில இருந்தப்பவாவது, வந்தா பேசுவீகன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல’ங்கா.”

சாமி வேட்டியின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.

“பிடியும். காயட்டும்.”

நல்லபெருமாளுக்கு எரிச்சலாக வந்தது. இங்கே குடும்பமே பஸ் ஏறப்போகிறது, இவருக்கு வேட்டி காய வேண்டுமாம். ஆனாலும் பிடித்தார். இருவருக்கும் நடுவே ஈர வேட்டி காற்றில் புடைத்து நின்றது.

கொஞ்ச நேரம் போயிற்று.

“அங்கே என்னத்தைப் பார்க்கீர்?”

நல்லபெருமாள் திடுக்கிட்டார். அவருடைய கண் வேட்டியின் வலது மேல் மூலையில் போய் நின்றிருந்தது.

“பழக்கம் சாமி. ஒரு ரீல் முடியப்போகுதுன்னா திரையில அந்த மூலையில ஒரு புள்ளி வந்துட்டுப் போகும். கண்ணைச் சிமிட்டினா போச்சு. அதைப் பாத்ததும் ரெண்டாவது மிஷினை ஓட விடணும். மறு புள்ளி வந்ததும் இதை அடைச்சு அதைத் திறக்கணும். தவற விட்டா திரை வெள்ளையா நிக்கும். பெஞ்சு டிக்கெட்டுக்காரன் நம்ம அம்மாவை ஏசுவான்.”

“மத்த நேரம்?”

“மத்த நேரம் ஏது? கார்பன் குச்சி எரிய எரியத் தள்ளிக் கொடுக்கணும். ஓடின ரீலைத் திருப்பிச் சுத்தணும். அதுக்குள்ள அடுத்த புள்ளி வந்துரும். என் கையில ஒரு தடவைகூடத் திரை வெளுத்ததில்ல சாமி.”

இதைச் சொல்லும்போது வந்த வேலையை மறந்து அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

“படம் நல்லா இருந்துச்சா?”

“எந்தப் படம்?”

“நீர் ஓட்டின படம். ஏதாவது ஒண்ணு.”

நல்லபெருமாள் யோசித்தார்.

“நான் எங்க சாமி படம் பாத்தேன்?”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையில் வெண்ணெய் வைத்திருந்தவன் நெய்க்கு அலைந்ததாகச் சொல்வார்கள். இவர் அலையக்கூட இல்லை.

“ஆவுடை பாத்தாளா?”

“ஒண்ணு விட மாட்டா. ஆபரேட்டர் வீட்டம்மான்னு டிக்கெட் கேக்க மாட்டாங்க. பொம்பளைங்க பக்கத்துல தூணை ஒட்டி உக்காருவா. அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடி நான் சாப்பிட வருவேன். சோத்தைப் போட்டுட்டு அந்தப் படத்துக் கதையைச் சொல்லுவா.”

“நீர்?”

“உம் கொட்டுவேன்.”

“கேட்டீரா?”

“நான் ஓட்டின படத்தை எனக்கேவா சொல்லுதான்னு...”

“நீர்தான் பாக்கலையே.”

வேட்டி காய்ந்துவிட்டது. சாமி அதை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

“நானும் சினிமா பாத்ததில்ல. அவ சொன்னதுல ஒரு கதை சொல்லும். கேப்போம்.”

நல்லபெருமாள் தேடித் தேடிப் பார்த்தார். சுண்டவற்றல் குழம்பின் புளிப்பு ஞாபகம் வந்தது. கதை சொல்லும்போது அகப்பையோடு ஆடும் அவள் கை ஞாபகம் வந்தது. கதை வரவில்லை. ஒரு துண்டுகூட வரவில்லை. அவருக்கு அழுகையாக வந்தது.

“ஒண்ணும் இல்ல சாமி.”

“போய்க் கேட்டுட்டு வாரும்.”

“நீங்க சொன்னதா ஒரு வார்த்தை...”

சாமி திரும்பிப் பார்க்காமல் படி ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் ஆவுடையம்மாள் தகரப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

“என்ன சொன்னாரு உங்க சாமி?”

“கதை கேட்டாரு.”

“கதையா?”

“நீ அப்பல்லாம் சொல்லுவேல்லா, படத்துக் கதை. அதுல ஒண்ணு சொல்லு ஆவுடை. ஏதாவது ஒண்ணு.”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

“அதெல்லாம் படத்துல இல்லாத கதை.”

“என்னது?”

“மொதல்ல ஒழுங்காத்தான் சொன்னேன். உம் கொட்டுனீக. சரி, காதுல விழுதான்னு பாப்போம்னு மாத்திச் சொன்னேன். கடைசியில கல்யாணம் நடக்குற படத்துல, மாப்பிள்ளையை ஆத்து வெள்ளத்துல விட்டேன். அதுக்கும் உம்னீக. செத்துப்போன தாயை எழுப்பி உக்கார வெச்சேன். அதுக்கும் உம். பொறவு படமே வேண்டாம்னு நானே கட்டிக் கட்டிச் சொன்னேன்.”

கோபமே இல்லாமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிச் சொன்னாள். அவள் ஏசியிருந்தால் நல்லபெருமாள் தாங்கியிருப்பார்.

“எதுக்குட்டி அப்படி?”

“ஓட்டுறவரு நீங்கதானே. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள், சோத்துத் தட்டுலேர்ந்து தலையைத் தூக்கி, ‘ஏட்டி, அது அப்படி இல்ல’ம்பீகன்னு காத்துக்கெடந்தேன். எல்லாம் தெரிஞ்சும் என்னைத் திருத்தக்கூட உங்களுக்கு மனசு இல்லையேன்னு நெனச்சேன்.”

தெருமுனையில் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவள் எழுந்தாள்.

“ஆவுடை, எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி. நான் ஒரு படத்தைக்கூடப் பாத்ததில்ல. சத்தியமா.”

ஆவுடையம்மாள் பெட்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

“அதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா.”